தீயணைப்பு வண்டி ஏறிய விண்ணப்பம்

பிளம் ஃபோர்க், நெப்ராஸ்கா
கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை

'பிளம் ஃபோர்க் ஹெரால்டு' வார இதழின் ஆசிரியர் உயர்திரு மெர்வின் ஹாலக் அவர்களின் சமூகத்துக்கு, மெயின் தெரு டயர் கடை எல்டன் ஸ்விட்டாக் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே என் மனைவி ரோண்டா நலம், மகள் டெலானி நலம். என்னைப் பற்றிக் கடிதத்தின் பிற்பகுதியில் அறிவீர்கள். அங்கே தங்கள் முழங்கால் வலியும், போன மாதம் நான் மாட்டிக் கொடுத்த பனிக்கால டயர்களும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இடது பின் டயர் கொஞ்சம் முனகினால் பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம்.

நிற்க. தங்கள் இதழில் முதல் பக்கத்தில், என் மகள் தீயணைப்பு வண்டியின் மேல் உட்கார்ந்து கையசைக்கும் படத்துடன் 'கலிஃபோர்னியா அழைக்கிறது!' என்று ஒரு செய்தி வந்தது. அந்தச் செய்தியைத் தங்களுக்குச் சொன்னவன் நான். அது தவறு. முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. அதுதான் என் துயரமே. ஆகவே வருகிற வியாழக்கிழமை இதழில், நான்காம் பக்கத்தில், பெண்கள் பந்து உருட்டுகிற பௌலிங் போட்டியின் முடிவுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் பௌலிங் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சினிமாப் படிப்புக்கு டெலானி விண்ணப்பித்தது ஒரே ஒரு கல்லூரிக்குத்தான். முன்கூட்டியே விண்ணப்பித்தால் டிசம்பரிலேயே முடிவு சொல்லிவிடுவார்கள் என்பதால் அக்டோபரிலேயே அனுப்பிவிட்டாள். தானியக் கிடங்குக்குள் மாட்டிக்கொண்ட ஒரு புறாவைப் பற்றி அவள் எடுத்த குறும்படமும் கூடவே போனது. முடிவு வரும் நாளன்று மாலை ரோண்டா கேக் செய்திருந்தாள், நான் ஜிகினாத் தாள் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வைத்திருந்தேன், நம் ஊர்ப் பிள்ளைகள் பந்தயத்தில் ஜெயித்தால் தீயணைப்பு வண்டியில் ஏற்றிச் சுற்றுகிற வழக்கம் இருக்கிறதல்லவா, அதையும் விடவில்லை. வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் சைரனோடு வந்துவிடு என்று கஸ் டிட்மாரிடம் சொல்லி வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் செய்திருந்தேன். ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில் அவன் தலைவன், நான் குழாய் பிடிப்பவன், இதைக்கூட எனக்காகச் செய்யமாட்டானா? கணினியைத் திறந்ததும் டெலானி கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குப்பா, நீங்களே படிங்க" என்றாள்.

படித்தேன். 'அன்புள்ள டெலானி, உன் படைப்புகளை எங்கள் குழு மிகுந்த மகிழ்ச்சியுடன் பார்த்தது. உன் புறா எங்களை நெகிழ வைத்தது.' நீங்களே சொல்லுங்கள், நெகிழ்ந்தவன் கதவைச் சாத்துவானா? அதற்குமேல் படிக்க எனக்குக் கண் தெரியவில்லை, தண்ணீர் திரண்டுவிட்டது. "கிடைச்சிருச்சுடி!" என்று கத்தினேன், ஜிகினாவை வீசினேன், பாதி கேக்கின் மேல் விழுந்தது, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டதில் பல்பே போய்விட்டது, அதற்குள் சைரன் வந்துவிட்டது, கஸ் அவளை அலாக்காகத் தூக்கி மேலே உட்கார வைத்துவிட்டான், ஊரே வாசலில் நின்று கைதட்டியது. நான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். பாதிச் சுற்றில் டெலானி கைபேசியைப் பார்த்துவிட்டு கஸ்ஸின் காதில் என்னவோ சொன்னாள். அவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். குளிருக்குத்தான், நல்ல மனுஷன். இரண்டாம் சுற்றில் சைரன் நின்றுவிட்டது. "பேட்டரி போச்சுடா எல்டன்" என்றான். நீங்கள் கேமராவோடு வந்தது அப்போதுதான்.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் மூன்றாவது பத்தி என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது. 'ஆனாலும்' என்று ஆரம்பிக்கிறது. உன் விண்ணப்பத்தின் மீதான முடிவைத் தள்ளி வைத்திருக்கிறோம், மார்ச் மாதம் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்போம் என்று போகிறது. மெர்வின் அவர்களே, திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். வாயைத் திறந்து கத்தவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் வாயிலிருந்து கேட்ட என் பெண்ணுக்கு இது தெரியாது. ரோண்டாவுக்குத் தெரியாது. ஊருக்கே தெரியாது.

விவரம் கேட்கக் கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். என் பெயரைச் சொன்னால் அவளுக்கு ஏதும் பாதகம் வந்துவிடுமோ என்று தங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன், பெரிய மனது பண்ணி மன்னிக்கவும். "சொல்லுங்க மிஸ்டர் ஹாலக், உங்க பொண்ணு பேரு?" என்றான் ஒரு பையன். "எனக்குப் பொண்ணே கிடையாதே" என்றேன், தங்களைப் பொறுத்தவரை அது உண்மைதானே. "அப்ப யாருக்கு சார் தள்ளி வெச்சிருக்கு?" "பொதுவாத்தான் கேக்கறேன் தம்பி. தள்ளி வெச்சா என்ன அர்த்தம், ஆமாவா இல்லையா?" "ரெண்டும் இல்ல சார்." "ஒரு பக்கமா சாயாதா?" "சாயாது சார். வேற காலேஜுக்கும் போட்டு வைக்கறது நல்லது. புது வருஷத்தோட நிறைய இடத்துல கடைசித் தேதி முடிஞ்சிரும்."

இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெண் வேறெங்கே விண்ணப்பிப்பாள்? மார்ச் மாதம் அந்தக் கல்லூரியும் கையை விரித்துவிட்டால் செப்டம்பரில் அவள் என் கடையில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருப்பாள். அது கேவலமான வேலை இல்லை, நானே செய்கிறேன். ஆனால் புறாவுக்காக மூன்று வாரம் கிடங்கில் காத்திருந்த பெண்ணுக்கு அது வேலை இல்லை.

சொல்லாமலே அவளை விண்ணப்பிக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "லிங்கன்ல இருக்கற நம்ம யுனிவர்சிட்டியிலகூட கேமரா வெச்சிருக்காங்களாம்" என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். "இருக்கும்பா" என்றாள், உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளியபடி. கலிஃபோர்னியாவில் பூமி ஆடும் என்றேன், காடு எரியும் என்றேன். வேறு கல்லூரிகளின் விளம்பரத் தாள்களை அவளுடைய சோளப்பொரி டப்பாவில் வைத்தேன், பனி பூட்ஸுக்குள் செருகினேன், ஒன்றைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினேன். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தூரமாப் போறதுதானேப்பா உங்களுக்குக் கவலை?" என்றாள். ரோண்டா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். டெலானி இப்போதெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள், நான் எட்டிப் பார்த்தால் கணினியை மூடிவிடுகிறாள். என்னம்மா எழுதுகிறாய் என்றால், "நன்றிக் கடிதம்பா" என்கிறாள். இன்னும் கிடைக்காத இடத்துக்கு நன்றி!

ஊர்க்காரர்களோ அன்பைக் காட்டியே என்னைக் கொல்கிறார்கள். பேக்கரி இர்மா தினமும் பிளம் ஜாம் வைத்த கோலாச்சே பன் கட்டிக் கொடுத்துவிட்டு, காசு நீட்டினால், "வெச்சுக்கோ எல்டன், நீ நல்லவன்" என்று மூக்கைச் சிந்துகிறார். தங்கள் பத்திரிகை அவர் கடையில் கிடந்தது, இன்னொரு தடவை படத்தைப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன், அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பொறுமையைப் பற்றிப் பேசினார், பேசிய நேரமெல்லாம் என்னையே பார்த்தார். போன வருஷம்தான் டயர் மாற்றிய கஸ் மறுபடி புது டயர் கேட்டு வந்து நிற்கிறான். "எதுக்குடா?" என்றால், "சும்மா, உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு" என்று கட்டிப்பிடிக்கிறான். இவ்வளவு பெருமைப்படுகிற ஊரின் முன் நான் எந்த முகத்தோடு நின்று உண்மையைச் சொல்வேன்? தாங்களும்தான், வழக்கமாகச் சைக்கிள் பையன் வீசிவிட்டுப் போகிற பத்திரிகையை அன்று வலிக்கிற முழங்காலோடு கடைக்கே கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆகவே பலவாறு யோசித்து இந்த வழியைக் கண்டேன். டெலானி பத்திரிகை படிக்கிறவள் இல்லை. ஆனால் ரோண்டா பௌலிங் முடிவுகளை விடவே மாட்டாள். பக்கத்தில் திருத்தத்தைப் பார்ப்பாள், அலறுவாள், அவள் அலறினால் டெலானி மாடியிலிருந்து ஓடி வருவாள், விஷயம் தெரிந்துவிடும். புது வருஷத்துக்குள் நாலு இடத்துக்காவது போட்டுவிடலாம். அந்த நேரம் நான் கடையில் இருப்பேன். பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லாமல் அச்சு இயந்திரத்தைத் தூது அனுப்புகிறானே என்று தாங்கள் நினைப்பீர்கள். நினையுங்கள். எரிகிற வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன், தங்களுக்கே தெரியும். ஆனால் அந்த முகம் வாடுவதை எதிரில் நின்று பார்க்க என்னால் முடியாது.

திருத்தத்தின் வாசகத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். 'தவறு தந்தையுடையது' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கட்டும்.

தங்கள் பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் பெருகவும், முழங்கால் வசந்தத்துக்குள் மடங்கவும், தங்கள் இல்லத்தரசியார் நீடூழி வாழவும் இறைவனை வேண்டும்,
எல்டன் ஸ்விட்டாக்

பின்குறிப்பு: ஒட்டிய உறை கிழிந்த பிறகு இதை எழுதுகிறேன். தபால்தலை எங்கே என்று ரோண்டாவிடம் கேட்டது என் தப்பு. உறையின் மேல் 'திருத்தம் வேண்டி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பிடுங்கிக் கிழித்து, நின்றபடியே படித்தாள். "ஏங்க, அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "உனக்குத் தெரியுமா?" என்றேன். அதற்குள் டெலானி வந்துவிட்டாள். தீயணைப்பு வண்டியின் முதல் சுற்றிலேயே அவள் மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டாளாம். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "எப்படிப்பா சொல்றது? பனியில காலுல செருப்புகூட இல்லாம பின்னாடியே ஓடி வந்துட்டு இருந்தீங்க. தலை பூரா ஜிகினா. மார்ச் வரைக்குமாவது அப்பா சந்தோஷமா இருக்கட்டும், யாரும் சொல்லாதீங்கன்னு கஸ் மாமாகிட்ட சொன்னேன். அவர் ஊருக்கே சொல்லிட்டார்." யார் என்னிடம் எப்படிப் பேச வேண்டும், எங்கே கண்ணைத் துடைக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தானாம். இர்மா மட்டும் கடைசிவரை சரியாக நடிக்கவில்லை என்று குறைப்பட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு தட்டியதெல்லாம் வேறு கல்லூரிகளுக்கான விண்ணப்பங்கள். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, லிங்கன் உட்பட. அந்த ஹெல்மெட்டுக்கு அடியில் அவள் அழுதாளாம். கஸ் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை. மற்ற எதையும்விட எனக்கு அதுதான் வலிக்கிறது.

அவள் படம் வந்த பிரதி ஊரிலேயே ஒன்றுதான் என்றும், மற்றவற்றில் அந்த இடத்தில் சாலைப் பனி கரைய உப்புத் தூவும் லாரி பற்றிய செய்தி இருந்தது என்றும் ரோண்டா சொன்னாள். ஒருத்தனுக்காக ஒரு முதல் பக்கம் அடித்த தங்களை நான் என்ன சொல்ல? ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வியாழக்கிழமை எல்லாப் பிரதிகளிலும் இதை மட்டும் போடுங்கள்: 'திருத்தம். எல்டன் ஸ்விட்டாக்குக்குத் தெரிந்துவிட்டது. அவர் மகளுக்கு முன்பே தெரியும். அவள் யாரென்று இன்னும் தெரியாதது அந்தக் கல்லூரிக்கு மட்டும்தான். மார்ச் மாதம் அவர்களுக்கும் தெரியவரும்.'