புழுவுக்கு அடியில் போன கட்டுரை

"ஏங்க, டிவி மேல வெச்சிருந்த என் கட்டுரை எங்க?"

வெண்மதி கேட்ட இந்த ஒரு கேள்வியில் மாதவராஜுக்கு இட்லி தொண்டையோடு நின்றுவிட்டது.

"எந்தக் கட்டுரை?"

"அஞ்சு பக்கம்! மூணு வாரமா எழுதுனது! இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள தர்மபுரி சென்டர்ல குடுக்கணும். இல்லேன்னா பரீட்சைக்கே உட மாட்டாங்க."

வெண்மதி தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறாள். 'குடும்பத்துக்கு நடுவே நான் கட்டுரை எழுதும் முறை' என்று கைப்பட எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே இரண்டு வருடம் பரீட்சை தள்ளிப்போய்விட்டது. இந்த வருடமும் போனால் படிப்புக்கே முழுக்குதான்.

மாதவராஜ் மென்று விழுங்கி நடந்ததைச் சொன்னான். விடியற்காலையில் பட்டுப்புழுக் கொட்டகையைச் சுத்தம் செய்து, தட்டுகளில் புதிதாகப் பேப்பர் விரித்திருந்தான். டிவி பக்கத்திலிருந்து எடுத்துப்போன பழைய பேப்பர் கட்டின் நடுவே நாலைந்து வெள்ளைத்தாள் வந்தது. அரை இருட்டில் யார் பார்த்தார்கள்? அதையும் விரித்து, மேலே புழுவை விட்டு, மல்பெரித் தழையைப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"புழுவுக்கு அடியிலயா?" வெண்மதி நெஞ்சில் கை வைத்தாள். "எந்தத் தட்டுல?"

"அதான் தெரியல மதி. நாப்பது தட்டு இருக்குது."

கொட்டகைக்கு ஓடினார்கள். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் மாதவராஜின் அப்பா வீரமணி.

"எவனும் உள்ள வராதீங்க! புழு தோலுரிக்கப் படுத்துருச்சு. நாளைக்கு வரைக்கும் ஒரு தட்டையும் அசைக்கக் கூடாது."

"ஒரே ஒரு ஓரத்தத் தூக்கிப் பாக்கறேம்பா…"

"தூக்குனா கூடு நீதான் கட்டணும்."

எட்டிப் பார்த்தான். அத்தனை புழுக்களும் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன. திரும்பினால் வெண்மதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.  என்ன செய்தாவது இவளைப் பரீட்சை எழுத வைத்துவிட வேண்டும் என்று மாதவராஜுக்கு வேகம் வந்துவிட்டது.

"அழுவாத. ஞாபகத்துல இருந்து திருப்பி எழுதிடலாம். நீ எழுதறப்போ முணுமுணுத்துக்கிட்டேதான எழுதுவ? எங்க காதுலயும் விழுந்திருக்குமில்ல!"

பரபரவென்று மேசையை இழுத்துப் போட்டான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் பூவிழி, சனிக்கிழமை விடுமுறையை விட்டுவிட்டுத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். கடிகாரம் பார்த்து மணி சொல்வது அவள் பொறுப்பு.

"மொத பக்கம் உங்களப் பத்தித்தான் எழுதியிருந்தேன்," என்றாள் வெண்மதி. "எப்படி ஆரம்பிச்சேன்னு மறந்து போச்சு."

மாதவராஜ் தலையைச் சொறிந்தான். "நீ பேனாவ எடுத்தாத்தான் எனக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தது ஞாபகம் வரும்னு…?"

"அதேதான்! அப்புறம்?"

"அப்புறம்… அந்த ஆன்லைன் கிளாஸ் அன்னிக்கு நெட் தீர்ந்துபோச்சே, கிரிக்கெட் பாத்துத் தீத்தது நாந்தான்னு… அதையுமா எழுதிட்ட?"

வெண்மதியின் பேனா ஒரு நொடி நின்றது. "எழுதாம உடுவேனா?" என்றவள், முன்னைவிட வேகமாக எழுத ஆரம்பித்தாள்.

"மணி பன்னண்டு!" என்றாள் பூவிழி.

இரண்டாம் பக்கத்தில் மாதவராஜின் சரக்கு தீர்ந்தது. ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

"ரெண்டாம் பக்கம் பூரா நீங்கதான் மாமா," என்றாள் வெண்மதி தயங்கித் தயங்கி.

வீரமணியின் முகம் சுருங்கியது. "டிவி சத்தத்தப் பத்தியாம்மா? காது கேக்கலன்னு நான் சொன்னது சும்மாதான். நீ அந்தப் பக்கமா உக்காந்து படிச்சா எனக்குக் காப்பி யாரு போடறது? அதுக்காகத்தான் சத்தமா வெச்சேன்."

"ஏப்பா, காது நல்லாக் கேக்குதா உங்களுக்கு?" மாதவராஜ் துள்ளினான். "சேலம் வரைக்கும் போயி மெஷின் வாங்கியாந்தேனே!"

"நீ மட்டும் யோக்கியமாடா? போன வருசம் பரீட்சைக்கு மொத நாளு ஒகேனக்கல் போலாம்னு உன் பிரெண்டுங்கள நீயேதான வரச் சொன்ன? திடீர்னு வந்து நிக்கறானுங்கன்னு மருமககிட்ட நடிச்சே!"

"அதையும் எழுதியிருந்தியா மதி?" மாதவராஜ் மனைவி பக்கம் திரும்பினான்.

"மூணாவது பக்கமே அதானுங்க," என்றாள் வெண்மதி, தலை நிமிராமல்.

அதற்கப்புறம் யாரும் யாரையும் விட்டுவைக்கவில்லை. அப்பா மகனைப் பற்றிச் சொல்ல, மகன் அப்பாவைப் பற்றிச் சொல்ல, இருவரும் மேசையைத் தட்டிக் கத்த, வெண்மதியின் பேனா நிற்கவே இல்லை. "மெதுவாச் சொல்லுங்க மாமா, கை வலிக்குது!" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. சென்டரில் கேட்டது ஐந்து பக்கம்தான். எட்டாவது பக்கமும் நிரம்பியது.

"மணி மூணே முக்கால்!" பூவிழி கூவினாள்.

மாதவராஜ் வெண்மதியை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பாலக்கோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். காரிமங்கலம் பக்கமாகச் சுற்றலாமா என்று தவித்து, ஹாரன் அடித்து, திட்டு வாங்கி, சென்டருக்குப் போய்ச் சேரும்போது ஐந்துக்கு ஆறு நிமிடம். கட்டுரையை வாங்கிய அலுவலர் நவநீதன், நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்தில் மாதவராஜை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிரமாதங்க! எல்லாரும் 'அமைதியான சூழல் வேணும்'னு எழுதியிருக்காங்க. இத மாதிரி உள்ளதை உள்ளபடி யாருமே எழுதல."

திரும்பும் வழியெல்லாம் வெண்மதி சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! மானம் போனாலும் பரவாயில்லை, பெண்டாட்டி படிப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று மாதவராஜுக்கும் பெருமை தாங்கவில்லை. பேக்கரியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் பன் வாங்கினான்.

மறுநாள் காலையில் புழுக்கள் எழுந்துகொண்டன. மகளோடு தட்டுகளில் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தவன், பதினேழாவது தட்டில் அந்தத் தாள்களின் ஓரத்தைப் பார்த்துவிட்டான்.

"கெடைச்சிருச்சு பூவிழி! உங்கம்மா இதுல என்னப் பத்தி இன்னும் என்னவெல்லாம் எழுதி வெச்சிருக்காளோ, வா படிச்சிருவோம்."

பூவிழி தழையை உதறியபடியே சொன்னாள்:

"அதுல ஒண்ணும் இருக்காதுப்பா. 'வெறுந்தாள அப்பாவோட பேப்பர் கட்டுல சொருகி வெச்சுரு, கட்டுரைய அவங்களே சொல்லிருவாங்க'ன்னு அம்மாதான் எங்கிட்டக் குடுத்தாங்க."