விலாங்குக்கு வகுப்பெடுத்தவர்

கடற்கரையில் நண்டும் நத்தையும் தவிர இன்னோர் உயிரினமும் உண்டு. இரண்டு காலில் நிற்கும். இடுப்பில் கை வைத்திருக்கும். பக்கத்தில் யாராவது தூண்டில் வீசினால் அதன் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். மீன் பிடிக்க வந்தவரைப் போலவே உடுத்தியிருப்பதால் பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. பேச விடுங்கள், தெரிந்துவிடும்.

அந்த இனத்தில் நம் கையில் சிக்கியவர், ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் பிரிவு அதிகாரி. கரையில் அவருக்கு 'விளக்கம்' என்று பெயர். வைத்தவர்கள் அன்போடு வைக்கவில்லை. அவர்தான் அன்போடு எடுத்துக்கொண்டார். பதினாறு பை வைத்துத் தைத்த மேற்சட்டை, பைக்கு ஒரு கருவி, தூண்டில் நரம்பு வெட்ட ஒன்று, மீன் வாயிலிருந்து முள் கழற்ற ஒன்று, மீனை அளக்க ஒன்று, எடை போட ஒன்று. அளக்கவும் எடை போடவும் மீன்தான் நான்கு வருடமாகக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். காற்றில் தொடங்கி, நீரோட்டம், நிலா வழியாக அரசாங்கத்தில் கொண்டுபோய் முடிப்பார். அலுவலகத்திலும் அவர் அப்படித்தான். "இதுல ஒரு அடிப்படை இருக்கு" என்று அவர் ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரருக்கு அவசரமாகக் கழிப்பறை ஞாபகம் வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவரிடம் அகப்பட்டவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு வெல்டிங் பட்டறை, ஓயாத வேலை. பெரிய மீன்கள் இரை தேடிக் கரையோரம் வருவது வருடத்தில் ஒரே வாரம்தான். அதில் ஒரு நாளாவது போக வேண்டும் என்று பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். அந்த மீன்களுக்கு வேண்டியது உயிருள்ள விலாங்கு; செத்ததைப் போட்டால் மோந்துகூடப் பார்க்காது.

இரைக்கடை அம்மாள் ஆளுக்கு ஆறு விலாங்கைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் சொல்வதை இவர்களுக்கும் சொன்னார்.

"அடியில ஓட்டை போட்ட வாளியில ஐஸைப் போடுங்க. மேல ஈரச்சாக்கு, சாக்கு மேல விலாங்கு. ஐஸ் உருகி வர்ற தண்ணி கீழ ஒழுகிடணும். தேங்குச்சுன்னா மூச்சு முட்டிச் செத்துடும்."

விளக்கம் சிரித்தார். குழந்தை தப்பாகக் கணக்குச் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"ஏம்மா, மீன் தண்ணியில மூச்சு முட்டிச் சாகும்னு இப்பத்தான் கேள்விப்படறேன்."

"இருபது வருஷமா விக்கறேன் சார்."

"விக்கறது வேற. அடிப்படை வேற."

தன் வாளியில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து, ஆறு விலாங்கையும் உள்ளே விட்டு, மூடியை உள்ளங்கையால் தட்டி இறுக்கினார். மச்சினன் வாதாடவில்லை. ஓட்டை வாளி ஒன்றை அம்மாளிடமே கேட்டு வாங்கி, அவர் சொன்னபடி ஐஸும் சாக்கும் போட்டுத் தன் ஆறையும் படுக்க வைத்தான்.

முக்கால் மணி நேரப் பயணம் முழுக்க, பிராணவாயு என்றால் என்ன என்று மச்சினனுக்குச் சொல்லப்பட்டது. கரைக்கு வந்து மூடியைத் திறந்தபோது, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அவன் பார்த்தான். ஆறும் அறுந்த பெல்ட்டுகளைப் போல மிதந்தன.

வேறொருவராக இருந்தால் கொஞ்சம் முகம் சுண்டியிருக்கும். இவரா? "அந்தம்மா அரை உசுருல இருந்ததை நம்ம தலையில கட்டிட்டா" என்றார். இந்த இனம் தப்பே செய்யாது. அதைச் சுற்றி இருப்பவர்கள்தான் செய்துகொண்டே இருப்பார்கள்.

மச்சினன் பழைய துணி ஒன்றை எடுத்து, குளிரில் சோம்பிக் கிடந்த விலாங்கின் கழுத்தைப் பிடித்தான். கீழ்த்தாடை வழியாக முள்ளை ஏற்றி மேலே வாங்கினான். அதற்கு அதிர்ச்சி கொடுக்காமல் மெதுவாக, அலை உடையும் இடத்துக்கு அப்பால் வீசினான். எல்லாம் அரை நிமிட வேலை.

"தப்பு" என்றார் விளக்கம். "ஒண்ணைக் குடு, காட்டறேன்."

"துணி வெச்சுக்கங்க மாமா. வழுக்கும்."

"துணியால பிடிச்சா மேல இருக்கற வழுவழுப்பு போயிடும். அதோட உடம்புக்கு ஆகாது."

இன்னும் இரண்டு நிமிடத்தில் தூண்டில் முள்ளில் தொங்கப்போகும் ஜீவனின் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கவலை. வெறுங்கையால் எடுத்தார். வெயிலும் கைச்சூடும் பட்டதும் விலாங்குக்குச் சோம்பல் தெளிந்தது. மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியது, நரம்பில் மூன்று முடிச்சுப் போட்டது, சட்டைக் கைக்குள் நுழைந்து முழங்கை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அவர் விடாமல், "தலையை இப்படித் திருப்பணும், பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே முள்ளை ஓங்கி ஏற்றினார். ஏறிவிட்டது, அவருடைய கட்டைவிரலில்.

அதே நொடியில் மச்சினனின் தூண்டில் வளைந்தது. அப்படி ஒரு இழுப்பை அவன் கண்டதில்லை. ரீல் கதறிக்கொண்டு நரம்பை விட்டது. அவன் இடுப்பளவுத் தண்ணீரில் கால் ஊன்றி நின்று, விட்டுவிட்டு இழுத்தான். பத்து நிமிடத்தில், மூன்றாவது அலைக்கு அப்பால் ஒரு கனத்த வெள்ளி முதுகு புரண்டது.

ரத்தம் சொட்டும் விரலோடு விளக்கமும் தண்ணீரில் இறங்கிவிட்டார். "கோலைத் தூக்கு. தூக்காதே. லூஸ் விடு. ஏன் விடறே?" அப்போதுதான் தன் விரலை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். முகம் வெளுத்து, முழங்கால் மடங்கி, அப்படியே சரிந்தார். அடுத்த அலை மேலே விழுந்தது. பதினாறு பையும் தண்ணீர் குடித்து அவரைக் கீழே இழுத்தன. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது.

மச்சினன் மீனை ஒரு தரம் பார்த்தான். கத்தியை எடுத்து நரம்பை அறுத்தான்.

மருத்துவமனையில் ஊசி போட்டு, முள்ளின் கொக்கியை நறுக்கி வெளியே எடுத்தார்கள். நறுக்கும் கோணம் சரியில்லை என்று நர்ஸுக்கு எடுத்துச் சொல்ல விளக்கம் அதற்குள் தெளிந்திருந்தார். மாலையில் வீட்டுக் கூடத்தில், கட்டுப்போட்ட விரலை நிமிர்த்திப் பிடித்தபடி, பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்: "அவ்வளவு பெரிய மீன். நான் சொன்னபடி கேட்டிருந்தா இந்நேரம் இங்க கிடக்கும். பதறி நரம்பை அறுத்துட்டான்."

ஈரச்சட்டை உடம்பிலேயே காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த மச்சினன், காலி தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேட்டுக்கொண்டே வந்த அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"அறுத்தது தப்புதாங்க" என்றாள். "மீனை வெச்சுக்கிட்டு உங்களை விட்டிருக்கணும்."

பிறகு தம்பியைப் பார்த்தாள். "விலாங்கு மிச்சம் இருக்கா?"

"நாலு இருக்கு. ஐஸ்லதான் வெச்சிருக்கேன்."

"காலையில நானும் வரேன்."

மறுநாள் போனார்கள். அலையோசையைத் தவிர வேறு எந்தச் சத்தமும் இல்லாத கரையில், அக்கா தன் முழங்கை நீள மீன் ஒன்றை இழுத்துப் போட்டாள். தம்பியின் மீன் திரும்பி வரவில்லை, அப்படிப்பட்டவை வருவதில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் அக்காவின் மீனோடு விளக்கம் நிற்கும் படம் சுற்றுக்கு வந்தது. அடியில், 'நம்ம பயிற்சி.'

இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. ஒரே ஒரு சந்தேகம். மச்சினன் விலாங்கில் முள் ஏற்றிய இடத்தில், 'கீழ்த்தாடை இல்லையே, வேற இடத்துல ஏத்தணும்' என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததே, நீங்கள் கடைசியாக ஒரு விலாங்கைக் கையால் தொட்டது எப்போது?