சுத்தியலார் வெட்டிய கேக்

மார்ச் 13, வியாழக்கிழமை. காலை 7.10க்குக் குரோருட்டில் ரயில் ஏறினேன். எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பதிவேட்டில் பதிந்தேன்; அதுதான் என் வேலை. பன்னிரண்டுக்கு எங்கள் கட்டட நிறுவனத்தில் கேக்.

அதை வெட்டியவரைப் போல ஒருவரை ஒஸ்லோ அதற்கு முன் கண்டிருக்காது. கட்டடப் பரிசோதகர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும்; எங்கள் ஆட்களுக்கு அவர் சுத்தியலார். நகரத்தில் அவர் தட்டிப் பார்க்காத சுவர் கிடையாது. ரொம்சோஸில் ஒரு குடிபூரலில், பால் பொங்குமுன்பே எல்லா அறைகளையும் தட்டிவிட்டு, "உந்தச் சுவருக்குப் பின்னாலை ஒண்டுமில்லை, படம் கொழுவாதேங்கோ" என்றார். தமிழ்ப் பூசையில் பிரசங்கத்தின் நடுவே தூணைத் தட்டினார். பாதர் நிறுத்திப் பார்த்தார்.

"தூண் திறம், பாதர். நீங்கள் சொல்லுங்கோ."

பெப்ரவரியில், போர் முடிந்த நாடொன்றில் உதவிப் பணத்தில் நாங்கள் கட்டும் பள்ளிக்கூடங்களைப் பார்க்க அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்து என் மேசையில் ஓர் அறிக்கையை வைத்தார். வரைபடத்தில் பெருவிரல் தடிப்புக் கம்பி. கட்டிய கூரையில் குடைக்கம்பித் தடிப்பு. மிச்ச இரும்பு லாபமாகப் போயிருந்தது.

"பிள்ளை, இதை இண்டைக்கே பதி. பதிஞ்சால்தான் காசு குடுக்கிற ஆக்கள் பார்ப்பினம்."

"ஓம் அண்ணை."

அடுத்த கட்ட ஒப்பந்தம் முதலில் கையெழுத்தாகட்டும் என்றார் மேலாளர். அறிக்கையை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன். பத்து நாள் அங்கேயே கிடந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தானதற்குத்தான் அந்தக் கேக். போரைக் கண்டவர் வெட்டட்டும் என்று மேலாளர் கத்தியைக் கொடுத்தார். சுத்தியலார் பாதியை மேலாளருக்கு வைத்தார். மீதியில் பாதி துணை ஒப்பந்தக்காரருக்கு, அதில் பாதி அவருக்குக் கீழே உள்ளவருக்கு, பிறகு ஆலோசகருக்கு, காப்புறுதிக்கு. ஒரு துணுக்கு மிஞ்சியது. "இது பள்ளிக்கூடம்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லித் தட்டை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று மணிக்குச் சுத்தியலாரின் வேலை அட்டையை வாங்கிக்கொண்டார்கள். போகும் வழியில் என் மேசையருகே நின்றார்.

"லாச்சிக்கையோ கிடக்கு?"

"ஓம் அண்ணை."

"பரவாயில்லை. உன்னட்டை ஒண்டும் துலையாது."

அவர் ஏசியிருக்கலாம்.

மறுநாள் காலை கோட்டைக் கழற்றுமுன் அறிக்கையைப் பதிந்தேன். பிந்தித்தான். பிரதி எடுக்குமுன் பென்சில் குறிப்புகளை அழிப்பது என் வழக்கம். கூரைப் படத்தின் கீழே, "இதுக்குக் கீழை பிள்ளையள் இருப்பினம்" என்று தமிழில் எழுதியிருந்தார். அதை அழிக்கவில்லை.