காத்தமுத்து அங்கிளின் லோரி எங்கே போனது?

வேலை நேரத்தில் கனவு காண்கிறவள் நான். மறைத்துப் பயனில்லை, என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கண் திறந்திருக்கும், கை விசைப்பலகையில் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டாள். அப்படி நான் மிக அதிகமாகக் கனவு கண்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சரஸ்வதி பூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட வாரங்களில். அதற்கு வசதி செய்து கொடுத்தது எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர். அவ்வளவு மெதுவாக ஓடியது. (ஓடியது என்று சொல்வதே நான் அதற்குக் கொடுக்கும் மரியாதை.)

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில், சிவபாதம் சார் நடத்திய சின்னக் கம்பெனி அது. சின்னது என்றால் சார், அவர் மனைவி இந்திரா ஆன்டி, நான், ஒரு கம்ப்யூட்டர். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வேண்டிய புரோகிராம்களை எழுதிக் கொடுப்பதுதான் தொழில். சார் யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் 'கெதியா' முடிக்கவேண்டும் அவருக்கு. கெதியா என்றால் வேகமாக. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லே அங்கே போய்த்தான் அறிமுகம். பிறகு அதைத் தவிர வேறு சொல் காதில் விழவில்லை.

நான் தற்காலிகமாகத்தான் சேர்ந்திருந்தேன். பண்டமாரானில் லோரி கம்பெனி வைத்திருந்த காத்தமுத்து அங்கிளுக்கு ஒரு புரோகிராம் வேண்டியிருந்தது. எந்த லோரி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார், எப்போது திரும்பும் என்று காட்டவேண்டும். தீபாவளிக்கு முன்னால் அதை அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டி, அவர் தலையாட்டிவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மேரு. மேருவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் என் சித்தப்பா சூப்பர்வைசர். அங்கே எனக்கு ஒரு கிராணி வேலையை, அதாவது குமாஸ்தா வேலையை, பேசி வைத்திருந்தார். அப்பாவுக்கும் அதில்தான் இஷ்டம்.

"வீட்டுலேர்ந்து கூப்புடு தூரம். எதுக்குப் புவனா தெனமும் பஸ் ஏறி கோலாலம்பூர் போய் ஒரு பொட்டி முன்னால ஒக்காரணும்?" என்பார்.

அந்தப் பெட்டியை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். காலையில் அது உறுமி விழித்துக்கொள்ளும்போது எனக்கும் உள்ளே ஏதோ விழித்துக்கொள்ளும். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் யாராவது கேட்டால் 'நல்ல எதிர்காலம் இருக்குப்பா' என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. இந்திரா ஆன்டி பொங்கல் வைத்து, சுண்டல் தாளித்து, சந்தனத்தைக் குழைத்து என் கையில் கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் நீயே பொட்டு வைச்சுவிடு பிள்ளை."

நான் எதைச் செய்தாலும் அழுத்திச் செய்கிறவள். டெலிபோனுக்கு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன், காகிதம் தைக்கும் ஸ்டேப்ளருக்குக்கூட விடாமல் வைத்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கினேன். மூஞ்சி தெரிகிறது, நெற்றி எது? முகப்பில் மூன்று பொத்தான்கள். ஒன்று மெஷினை எழுப்புவது. இன்னொன்றைத் தொட்டால் எழுதியதெல்லாம் போய் முதலிலிருந்து தொடங்கும், அந்தப் பக்கமே கை போகக்கூடாது என்பது சாரின் கட்டளை. மூன்றாவது எதற்கென்று நான் கேட்டதில்லை. வட்டமாக, மேலே மூக்குத்தி போல ஒரு சின்ன விளக்கோடு, பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. கட்டைவிரலில் சந்தனத்தை அள்ளி, விளக்கோடு சேர்த்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடி, என் வேலை நிலைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து கம்ப்யூட்டர் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் புரோகிராம் எழுதும் மென்பொருள் திறக்கவே யோசித்தது. எழுத்தைத் தட்டினால், மழை நாளில் கல்யாண வீட்டுக்கு ஆட்கள் வருவது போல, ஒவ்வொன்றாக, தாமதமாக வந்து உட்கார்ந்தது. முன்பெல்லாம் 'ரன்' என்று அமுக்கிவிட்டுப் பின்னலை ஒதுக்குவதற்குள் புரோகிராம் எழுந்து நிற்கும். இப்போது அமுக்கிவிட்டுக் கீழே இறங்கி, நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் வாங்கிக்கொண்டு, பூக்கடை அக்காவிடம் மல்லிகை விலையை விசாரித்துவிட்டு மேலே வந்தாலும், திரையில் 'பொறு' என்று காட்டும் அந்த மணல் கடிகாரம் அப்படியே இருக்கும்.

சரி, படித்த பெண் அல்லவா, முறையாகக் காரணம் தேடினேன். திரையின் பின்னணியில் சார் வைத்திருந்த பிள்ளையார் படத்தை எடுத்துவிட்டு (மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்) வெறும் சாம்பல் நிறமாக்கினேன். அழகுக்காகச் சேர்த்திருந்த எழுத்துருக்களை நீக்கினேன். வைரஸ் இருக்குமோ என்று எல்லா டிஸ்க்கையும் சோதித்தேன். மென்பொருளையே அழித்துவிட்டு, ஒரு கட்டு டிஸ்க்கை ஒவ்வொன்றாக நுழைத்து மறுபடி ஏற்றினேன். அதே மந்தம், இப்போது புத்தம் புதியதாக.

கடைசியில், சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். அது வேலை செய்யும்போது திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒரு கட்டம் மறையும், வேறு இடத்தில் தோன்றும். வெளியே பிற்பகல் மழை. தண்டவாளத்தின் பக்கமிருந்து ரயில் சத்தம் நனைந்து வந்தது. கீழேயிருந்து மல்லிகை வாசனை மாடிப்படி ஏறி வந்தது. கட்டங்கள் நகர நகர நானும் நகர்ந்தேன். எனக்கென்று ஓர் அலுவலகம், லிஃப்ட் வைத்த கட்டடத்தில். அப்பா லிஃப்டுக்குள் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயந்தபடி நிற்கிறார். கதவு திறக்கிறது. என் பெயர் எழுதிய கண்ணாடிக் கதவு தெரிகிறது. அதன் பின்னால் மேசை மேசையாகக் கம்ப்யூட்டர்கள், எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக, மூச்சு விடுவது போல ஓடிக்கொண்டிருக்கின்றன...

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

"ஒழுங்குபடுத்துறேன் சார்."

"கெதியா ஒழுங்குபடுத்து."

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்த நாட்களில் பயந்துதான் போயிருந்தேன். மாலையில் கிள்ளான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரே எண்ணம்தான் வரும். மந்தம் மெஷினுக்கா, எனக்கா? நான் எழுதும் விதம்தான் தப்போ? கெட்டிக்காரி எழுதினால் இப்படி இழுக்குமா? அதனால் எழுதியதையே மறுபடி எடுத்து, வேண்டாததை வெட்டி, நீளமானதைச் சுருக்கி, மெஷினுக்கு வலிக்காமல் எழுதப் பழகினேன்.

ஒரு லோரி இருந்தது. புரோகிராம் தொடங்கும்போது காத்தமுத்து அங்கிளின் நீல லோரி திரையின் இடது ஓரத்தில் கிளம்பி வலது ஓரம் வரை போகவேண்டும். என் சொந்த யோசனை, மிகவும் பெருமைப்பட்டேன். லோரி ஓர் அடி நகர்வதற்கு முன் இவ்வளவு வரைக்கும் எண்ணு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருந்தேன். பூஜைக்குப் பிறகு அந்த லோரி சுமையோடு கெந்திங் மலை ஏறுவது போல முக்கியது. எண்ணச் சொன்னதைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் எண்ணவே வேண்டாம், போ என்று சொன்ன பிறகுதான் அது மரியாதையான வேகத்தில் போனது.

சார் பொறுமை இழந்து மெஷின் பழுது பார்க்கும் ஆ செங் என்ற சீனரை வரவழைத்தார். ஆ செங் வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், டர்போ ஆன் ஆ?"

டர்போ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் சார் பக்கத்தில் நிற்கிறார். நானோ கம்ப்யூட்டர் டிப்ளோமா. "ஆஃப் கோர்ஸ்" என்றேன்.

அவர் சந்தேகத்தோடு பெட்டியின் முகப்புக்கு விரலைக் கொண்டுபோனார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். கை சட்டென்று பின்வாங்கியது. "ஐயோ, சாமி பூஞ்ஞா பாராங். நான் காச்சாவ் பண்ண மாட்டேன் லா" என்று பெட்டியைப் பயபக்தியோடு திருப்பி வைத்துப் பின்பக்கமாகவே திறந்தார். சாமியின் பொருள், தொந்தரவு செய்யமாட்டேன் என்கிறார்; அடுத்த மதத்தை மதிக்கும் நல்ல மனிதர். உள்ளே தூசி தட்டினார், எதையோ கழற்றி மாட்டினார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பூஜைக்கு வைத்த பொட்டைத் துடைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவாக உதிரட்டும் என்று விட்டிருந்தோம். அழுத்தி வைத்த பொட்டு, உதிரவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் காத்தமுத்து அங்கிள் வந்தார். பெரிய உருவம், பெரிய மீசை, நாற்காலி முனகியது. இந்திரா ஆன்டி முறுக்குத் தட்டு வைத்தார். நான் 'ரன்' என்று அமுக்கினேன். நேரம் எடுத்துக்கொண்டாலும், நீல லோரி கம்பீரமாக இடமிருந்து வலம் போனது.

"அட, நம்ம லோரி!" என்று அங்கிள் குழந்தையாகிப் போனார். "சரி, இன்னிக்கி எந்தெந்த லோரி எங்க போயிருக்குன்னு காட்டும்மா."

அமுக்கினேன். மணல் கடிகாரம் வந்து நின்றது. அங்கிள் முறுக்கை எடுத்தார், கடித்தார், மென்றார், இன்னொன்றை எடுத்தார்.

"யோசிக்குது அங்கிள்" என்றேன்.

"எங்க கிராணி ஒரு ஆளு இருக்கான்மா. அவனே இவ்ளோ யோசிக்க மாட்டான்."

சார் என்னைப் பார்த்தார். கெதியா என்றுகூடச் சொல்லவில்லை. மேருவில் என் நாற்காலியைத் துடைத்து வைப்பது கண்ணில் தெரிந்தது.

வேறு வேலையில்லாமல் அங்கிள் பெட்டியை நோட்டம் விட்டார். பொட்டைக் கண்டதும் முகம் கனிந்தது. "பூஜ போட்ட மெஷினா?" என்று எழுந்து, நடுவிரலைப் பொட்டில் அழுத்தித் தேய்த்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

'டிக்.'

பட்டியல் பளிச்சென்று வந்து விழுந்தது. எல்லா லோரியும், எல்லா டிரைவரும், எல்லா ஊரும்.

"ஆத்தா!" என்றார் அங்கிள். "எங்க, முதல்லேர்ந்து காட்டு!"

மறுபடி தொடங்கினேன். திரை மினுக்கியது. நேரே பட்டியலுக்குப் போய்விட்டது.

"லோரி எங்கம்மா?"

"போயிடுச்சு அங்கிள்."

"எங்க போச்சு?"

"அந்தப் பக்கம்."

"நான் பாக்கவே இல்லியே! இந்த ஸ்பீட்ல போனா சம்மன் வரும்லா!"

சார் உணர்ச்சிவசப்பட்டார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், எளிதில் எதையும் நம்பமாட்டார், ஆனால் கண்ணால் கண்டுவிட்டாரே. அவரும் முன்னால் வந்து பொட்டைத் தொட்டு நெற்றியில் வைத்தார். 'டிக்.' மணல் கடிகாரம் திரும்பி வந்தது. "விலகுங்கோ, நானும் ஒருக்கா" என்று இந்திரா ஆன்டி தொட்டார். 'டிக்.' கடிகாரம் போனது. அங்கிள் இரண்டாவது தடவையாகக் கையை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரல், டிக், வேகம். விரல், டிக், மந்தம். இந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

"யாரும் சாமியத் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

பக்தியுள்ள மூன்று பெரியவர்கள் முன்னால் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். அதோடு நின்றேனா? தாவணி முனையை எடுத்து, எச்சில் தொட்டு, (ஆமாம், எச்சில்தான், இந்திரா ஆன்டி "சிவ சிவா" என்றார்) பொட்டைத் துடைத்தேன். சந்தனம் போனதும் கீழே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பொத்தானுக்கு அடியில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. சார் கண்ணாடியை உயர்த்தி, குனிந்து, சத்தமாகப் படித்தார்.

"டர்போ."

அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் மெஷின் முழு வேகம், இன்னொரு தடவை அழுத்தினால் அரை வேகம். மெதுவான பழைய மெஷின்களுக்கு எழுதிய புரோகிராம்கள் ஓடுவதற்காக வைத்தது. பூஜை நாளிலிருந்து நாங்கள் அரை வேகத்தில் இருந்திருக்கிறோம்.

"ஆர் இதில பொட்டு வைச்சது?" என்றார் சார்.

ஆன்டி என்னைப் பார்த்தார். நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

அங்கிள்தான் முதலில் சிரித்தார். முறுக்குப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு சாரிடம் சொன்னார்:

"நம்ம டிரைவர் ஒருத்தன், ஹேண்ட் பிரேக்கப் பாதி எடுக்காமலே பந்திங்லேர்ந்து லோரிய ஓட்டிட்டு வந்துட்டான் சார். மண்டு. ஆனா ஃபுல் லோடு. பிரேக்க இழுத்துக்கிட்டே இவ்ளோ தூரம் கொண்டு வந்தவன், பிரேக்க எடுத்தா எப்படி ஓட்டுவான்னு யோசிச்சேன். இன்னும் எங்கிட்டத்தான் இருக்கான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளும் மந்தம் என்னிடம் இல்லை என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சார் மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பட்டியலை மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். கண்ணை இமைப்பதற்குள் வந்தது.

"அரை வேகத்தில இருந்துகொண்டே இவ்வளவும் எழுதினனியோ?" என்றார். பிறகு, "தீபாவளி முடிஞ்சு வா. நிரந்தரம். ஆனா இனிப் பூஜைக்கு நீ சுண்டல் மட்டும் கிண்டு."

நான் அங்கே பல வருஷம் இருந்தேன். சுண்டல் மட்டும்தான் கிண்டினேன். சித்தப்பாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், நான்கு பேர் கூடியதும் தொடங்கிவிடுவார். "நல்லவேள இவ மேருவுக்கு வரல. ஒவ்வொரு கையுறைக்கும் பொட்டு வச்சு அனுப்பியிருப்பா. வெள்ளக்காரன் ஆப்பரேஷன் பண்றப்ப மொதல்ல கும்பிட்டுட்டுத்தான் பண்ணியிருப்பான்."

என் மகளும் இப்போது புரோகிராம்தான் எழுதுகிறாள், பினாங்கில். போன வாரம் போன் செய்து, மென்பொருள் ஒரு மாதமாக இழுக்கிறது, காரணமே தெரியவில்லை, எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று புலம்பினாள். குரலில் அந்தப் பழைய பயம் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எப்பலேர்ந்துடா இப்படி?"

"அம்மா," என்றாள் அவள், "நான் எங்கயும் பொட்டு வைக்கல."