பச்சை வந்துட்டா

சுங்குவார்சத்திரம் பக்கம் குழாய் வேலை பார்த்தவர்களிலேயே சுவரைக் காதலித்தவர் எங்கள் வால்வு ஒருவர்தான். 1991 பங்குனியில் எங்கள் தொழிற்சாலையில் நடந்தவை வரிசையாக:

1. கம்ப்ரசர் ஷெட்டின் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி படிந்தது.
2. "பச்சை வந்துட்டா பாப்பா" என்று, தண்ணீர் பரிசோதனைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த என்னிடம் வால்வு சொன்னார்.
3. அதைக் கேட்ட கேன்டீன் அம்மா, பச்சை யாரோ ஒரு பெண் என்று ஷிப்ட் முழுக்கப் பரப்பினார்.
4. கையும் களவுமாகப் பிடிக்க சூப்பர்வைசர் போனார். சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு வால்வு தனியாக நின்றார்.

"யோவ், எங்கய்யா அவ?"

"இதோ கீறாளே சார். இங்க ஒடைச்சா லீக் தெரியும்."

வால்வுக்கு ஐம்பது வயது, குடும்பம் கிடையாது. கசிவைத் தேடி அவர் சுவரைக் கண்டபடி உடைத்ததே இல்லை; பாசி காட்டும் இடத்தில் மட்டும்தான் உடைப்பார். மழையில்லாத மாதத்தில் பாசி வந்தால், பின்னால் குழாய் கசிகிறது. என் டிப்ளமோவில் இந்தப் பாடம் இல்லை.

தண்ணீர் பரிசோதிக்கும் மைக்ராஸ்கோப்பில் அந்தப் பாசியை அவருக்குக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல், தொப்பியால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த உருண்டை ஒவ்வொண்ணும் தனி உயிரா?"

"ஆமாங்க. ஒரே செல். வேர், இலை எதுவும் கிடையாது."

"அட, என்னாட்டம் ஒண்டிக்கட்டைங்க! ஆனா பாரு, எப்டி ஒட்டிகினு கீதுங்க."

மெட்ராஸிலிருந்து முதலாளி வருவதாக இருந்தது. சூப்பர்வைசர் சுவரை உடைக்க விடவில்லை. "தேய்ச்சுட்டு வெள்ளை அடிங்க. ஒரு மாசத்துல லீக் வரலைன்னா நீ கெளம்பு" என்றார்.

"ஒரு சாண் வுட்டுடுங்க சார். இல்லன்னா அவ எப்டி வருவா?"

விடவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொடுத்தது நான்தான். வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே போட்டேன்.

அதன்பின் தினமும் காலையில் வெள்ளைச் சுவரைத் தடவிவிட்டு வருவார். "இன்னிக்கும் லீவு போட்டுட்டா பாப்பா." மாதம் முடிந்தது. பச்சை வரவில்லை. ஸ்பேனரை என் மேஜையில் வைத்தார்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"எந்தச் செவுத்துல ஈரம் கீதோ, அந்த ஊரு."

அவர் போன பதினோராம் நாள், வெள்ளைக்கு மேல் பச்சை எட்டிப் பார்த்தது. உடைத்தார்கள். அவர் கன்னம் வைத்த அதே இடத்தில் குழாய் விரிசல்.

அவரைத் திரும்ப அழைக்க, சூப்பர்வைசரே பதிவேட்டைப் புரட்டினார். பெயர்: வால்வு. முகவரி: ஷெட் பின்னால்.

குழாயை மாற்றிவிட்டார்கள். உடைத்த இடத்தின் ஓரத்தில் ஒரு சாண் பாசி மிச்சம் இருக்கிறது. அதில் வெள்ளை அடிக்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கசிவு நின்றதால் சுவர் காய்கிறது. காய்ந்தால் பாசி நிற்காது. அதனால் பரிசோதனையில் மீந்த தண்ணீரை நான் தினமும் அங்கே ஊற்றுகிறேன்.

பச்சை இருக்கிறாள். வால்வு இன்னும் வரவில்லை.