மீசைக்குள் மூழ்கிய பெண்

டயர் கடைக்கு மேல்மாடியில் ஊசல் ஐயா வீற்றிருந்தார். நூலில் கட்டிய ஒரு மோதிரம்தான் அவருடைய மொத்த மருத்துவமனை. நோயாளியின் நாலு முடியை உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயரும் குறையும் எழுதிக் கொடுக்க வேண்டும். உறைக்கு மேல் மோதிரம் நேராக ஆடினால் உள்ளே ஆண். வட்டமாகச் சுற்றினால் பெண். எழுதுவதெல்லாம் அடையாளத்துக்காம். பேசுவது முடி மட்டும்தானாம். ஒரே நிமிடத்தில் தீர்ப்பு. வரிசை மாடிப்படி இறங்கித் தெருவரைக்கும் நின்றது. அதில் பாதிப்பேர் பட்டதாரிகள்.

தராசுக்காரரும் அந்த வரிசையில் இருந்தார். கடைகளின் எடைக்கற்களைச் சோதிக்கும் அதிகாரியாக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கு மீசை. குடும்ப மானம் என்றால் முதுகு தானாக நிமிரும். அவர் மகனின் பதினைந்து வயதுப் பிள்ளை, ஆணாக வளர்ந்தது, "நான் பொண்ணு" என்று வீட்டில் சொல்லி மூன்று மாதமாகிறது. பள்ளி மருத்துவர் இளையோர் பாலின நல மையத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். மகனோ போன வாரமே ஊசல் ஐயாவிடம் ஓடிவிட்டான். தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒருத்தி பிள்ளைமேல் ஏறியிருக்கிறாளாம். நாற்பது நாள் ஐயாவின் பின்னறையில் பூட்டி வைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடம் கிடையாது, யாரும் பார்க்கக் கூடாது. இன்றே தொடக்கம். பிள்ளை அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"அந்த மையத்துக்கா போகப் பாத்தீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "ஐயையோ! உள்ள நுழைஞ்சதுமே ஊசியாம்."

"நீங்க போயிருக்கீங்களாம்மா?" என்றார் தராசுக்காரர்.

"போய் வேற பாக்கணுமா? அதான் எல்லாரும் சொல்றாங்களே."

அதற்குமேல் சாட்சி எதற்கு?

முறை வந்தது. தராசுக்காரர் இரண்டு உறைகளை நீட்டினார். "ஒண்ணு பேரப்பிள்ளையோடது, இன்னொண்ணு என்னோடது. பூட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடுங்க."

பிள்ளையின் பெயர் எழுதிய உறைக்கு மேல் மோதிரம் வட்டமாகச் சுற்றியது. ஊசல் ஐயா கண்ணை மூடினார். "அவளேதான். இருபது வயசு. ஈரக் கூந்தல். போகமாட்டேன்னு அழறா."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அடுத்த உறைக்கு மேல் மோதிரம் கம்பி மாதிரி நேராக ஆடியது.

"சிங்கம்! ஒரு மாசு கிடையாது. சுத்தமான ஆண்."

"ரொம்ப சந்தோஷம்" என்று தராசுக்காரர் முதல் உறையைக் கிழித்தார். உள்ளங்கையில் விழுந்தவை குட்டையான, முரட்டு நரைமுடிகள். "இது என் மீசைங்க. நீங்க சொன்ன சிங்கம் என் பேரப்பிள்ளையோட முடி."

மோதிரம் எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் நின்றது.

"தராசைச் சோதிக்கணும்னா தட்டுல இருக்கிறத மாத்திப் போடுவோம். சரக்கு மாறியும் முள்ளு மாறலைன்னா அது தராசே இல்ல" என்றார் அவர்.

"நம்பாதவங்க முன்னாடி நூல் பேசாது!" என்று ஊசல் ஐயா குரலை உயர்த்தினார்.

"இப்பத்தானே வாய் ஓயாம பேசுச்சு? நான் சோதிச்ச தராசுல திருடன் வந்து நின்னாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான்."

வரிசையில் சிலர் தங்கள் உறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாற்காலிக்காரி மட்டும் மெல்லத் தள்ளி உட்கார்ந்து, "எதுக்கும் அந்த மீசைய எடுத்துடுங்கய்யா" என்றாள்.

மகன் முகம் தொங்கிப்போயிருந்தது. "அப்பா, இத்தனை பேர் முன்னாடி நம்ம மானம்..."

"நம்ம வீட்டுப் பிள்ளை சொன்னத நம்பாம, ஊரான் நூலை நம்பினியே, அப்பவே போச்சுடா மானம். பையை எடு."

வியாழக்கிழமை மையத்துக்குப் போனார்கள். ஊசி, கத்தி எதுவும் வெளியே வரவில்லை. உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். தராசுக்காரர் எடைக் கருவியின் முத்திரையைக் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். மருத்துவர் பிள்ளையிடம், "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். தூக்கம், படிப்பு, நண்பர்கள், மனபாரம் எல்லாவற்றையும் விசாரித்தார். பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு தனியாகப் பேசினார். பிறகு எல்லாரையும் உட்காரவைத்தார்.

"இன்னைக்கு மருந்து எதுவும் கிடையாது, முடிவும் கிடையாது. அவசரமில்லாம பேசிப் பேசித்தான் புரிஞ்சுக்கணும். அடுத்த மாசம் வாங்க."

"ஒரு மணி நேரம் கேள்வியாக் கேட்டுட்டு, ஒண்ணும் சொல்லலையேப்பா!" என்று மகன் வாசலில் முணுமுணுத்தான்.

"தெரியாதத தெரியாதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தாண்டா படிப்பு வேணும்."

பிள்ளை அன்று வீடு வரை பேசிக்கொண்டே வந்தது. மூன்று மாதத்தில் அது அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை; யாரும் கேட்க உட்கார்ந்ததும் இல்லை.

வாயுள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மோதிரத்திடம் போய்க் கேட்கிற பெரியோர்களே, கழுத்துக்கு மேலே உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. முடி பிடுங்கிக் கொடுப்பதற்கு மட்டும் அது வளரவில்லை.