சிவந்த வயிற்றுக் கொசு

படிப்பு முடித்த புதிதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவுமே இல்லை. (அதற்குப் பிறகுதான் வருஷத்துக்கு ஒன்றாகத் தெரியாமல் போக ஆரம்பித்தது.)

அறுபதுகளின் நடுவில், சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயிகளுக்குப் பயிர் யோசனை சொல்லும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி.

காதர் பாய் சிதம்பரத்தில் ஜவுளி வியாபாரம் நொடித்துப் போய், குத்தகைக்கு நிலம் பிடித்து, முதல் தடவையாகச் சம்பா நட்டிருந்தார். ஐப்பசியில் ஒரு நாள் நான் டீக்கடையில் இருந்தபோது, நாலைந்து பூச்சிகளை அடைத்த தீப்பெட்டியோடு வந்தார்.

“தம்பி, வெளக்கு வச்சா இதுங்க ஜாஸ்தியா வருது. பயிர்லயும் உக்காருது. ஏதாச்சும் பண்ணிடுமா?”

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கொசு மாதிரி இருந்தது. வயிறு சிவப்பு.

“கொசுதான் பாய். வயித்துல இருக்கறது உங்க ரத்தம்!”

கடையே சிரித்தது.

“என்னக் கடிக்கவே இல்லியே தம்பி?”

நிரூபிக்க வேண்டாமா? ஒன்றை என் கையில் விட்டேன். அது முழங்கைவரை நடந்தது. திரும்பி வந்தது. கடிக்கவில்லை.

“வயிறு ரொம்பிடுச்சு, அதான்” என்றேன். நம்பினார். கொசுவலை வாங்கச் சொன்னேன். வாங்கினார்.

கார்த்திகையில் அவர் வயலில் பாதித் தூர்கள் வெங்காயத்தாள் போலக் குழலாகி நின்றன. இனி அவற்றில் கதிர் வராது. தீப்பெட்டியில் வந்தது ஆனைக்கொம்பன் ஈ. கொசுச் சாயல்தான், ஆனால் ரத்தம் உறிஞ்சும் நீண்ட ஊசி வாய் அதற்கு இல்லை. வயிறு பிறவியிலேயே சிவப்பு. அது மனிதனை ஒன்றும் செய்யாது; அதன் புழு நெற்குருத்தைக் கெடுக்கும். கையில் கண்ணாடி இருந்தும் நான் வயிற்றைப் பார்த்தேனே தவிர, வாயைப் பார்க்கவில்லை.

வரப்பில் நின்று, “என் தப்புதான் பாய்” என்றேன்.

ஒரு குழலைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “உங்களுக்கும் புதுசு, எனக்கும் புதுசு. வுடுங்க.” பிறகு, என்னைத் தேற்றுவதுபோல, “கொசுவலை நல்லாருக்கு தம்பி. புள்ளைங்க நிம்மதியாத் தூங்குதுங்க” என்றார்.

அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

தை மாதம் குத்தகையை விட்டார். மனைவி மக்களைக் கடலூரில் மச்சான் வீட்டில் சேர்த்துவிட்டு, ஐம்பது வயதில் பினாங்குக்குக் கப்பலேறினார். திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் வீட்டில் இன்றும், நான் எதையாவது அடித்துச் சொன்னால், “வயித்தப் பாத்தா சொல்றீங்க?” என்பாள் மனைவி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கையில் பூச்சி நடந்ததோடு அந்தக் கதையை நிறுத்திவிடுவது என் வழக்கம். மீதியை அவர்களுக்கு நான் சொன்னதே இல்லை.